‘அன்பு இருந்தால் போதும்’ என்கிற விளம்பரம்

கேள்வி: எனக்கு வயது 26. கணக்கியல் துறையில் இருக்கிறேன். ஒரு வேலையை விட்டு அடுத்ததில் சேர்வதற்குள் இரண்டு மாத இடைவெளி கிடைத்திருக்கிறது. வெளிநாட்டில், பெற்றோர் இல்லாத சிறப்புக் குழந்தைகளுக்கான ஓர் இல்லத்தில் ஆறு வாரம் தன்னார்வலராக இருக்க ஒரு நிறுவனத்தின் மூலம் விண்ணப்பித்து, முன்பணமும் கட்டிவிட்டேன். ‘அனுபவம் தேவையில்லை, அன்பு இருந்தால் போதும்’ என்கிறார்கள். ஊட்டிவிடுவது, குளிப்பாட்டுவது, விளையாடுவது ஆகியவைதான் வேலை. என் சித்தி மகனுக்கு மூளை முடக்குவாதம். 11 வயது. அவன் பிறந்ததிலிருந்து அவனோடு பழகியிருக்கிறேன். ஆனால் என் தோழி, ‘நீ போவது அந்தக் குழந்தைகளுக்குக் கெடுதல்’ என்கிறாள். நல்லது செய்யப் போகிற இடத்தில் கெடுதல் எங்கிருந்து வரும்? போகலாமா? போவதென்றால் எப்படித் தயாராவது?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த ஏற்பாட்டில் போகாதீர்கள். சிறப்புக் கல்வியாளராக இந்தக் குழந்தைகளோடும், அவர்களைப் பெற்றவர்களோடும், இல்லங்களில் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களோடும் பல ஆண்டுகளாக வேலை செய்கிறவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். உங்கள் தோழி சொன்னது சரி. ஆனால் ஏன் என்று சொல்லாமல் பாதியில் நிறுத்திவிட்டார். அதனால்தான் உங்களுக்குக் கோபம் வந்திருக்கிறது.

விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். அனுபவம் தேவையில்லையாம், அன்பு போதுமாம். பல் பிடுங்க அன்பு போதும் என்று ஒருவர் பலகை வைத்தால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்போமா? இந்தக் குழந்தைகள் விஷயத்தில் மட்டும் அந்த வாசகம் நமக்கு உறுத்துவதில்லை. அவர்கள் சார்பில் கேள்வி கேட்க ஆள் இல்லை என்பதால்தான் அப்படி எழுதவே முடிகிறது.

உங்களுக்குத் தரப்போகும் முதல் வேலை ஊட்டிவிடுவது. அடுத்த முறை சித்தி வீட்டுக்குப் போகும்போது, அவர் மகனுக்கு ஊட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முறை தெரிந்தவர் என்றால், இடுப்பை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி, முதுகு நிமிர்ந்து, பாதங்கள் தொங்காமல் எதன் மேலாவது ஊன்றும்படி அவனை உட்காரவைப்பார். தலை பின்னால் சாயாது. முகவாய் சற்றுத் தாழ்ந்திருக்கும். சித்தி அவன் கண்மட்டத்தில் உட்கார்ந்திருப்பார். நின்றுகொண்டு மேலிருந்து கரண்டியை நீட்டினால் குழந்தை அண்ணாந்துவிடும். அண்ணாந்த கழுத்தோடு விழுங்குவது நமக்கே கடினம். கரண்டியில் கொஞ்சமாக எடுத்து, நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி, உதடு மூடும்வரை பொறுத்து, கரண்டியை நேராக வெளியே எடுப்பார். அப்புறம் தொண்டையைப் பார்ப்பார். அது ஒருமுறை ஏறி இறங்கும். சில குழந்தைகளுக்கு வாயில் மிச்சம் தங்கிவிடும். இரண்டாவது முறையும் ஏறி இறங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த வாய். ஒருவேளை உணவுக்கு அரை மணி நேரம் ஆவது சாதாரணம். தண்ணீர் இன்னும் சிக்கல். குழைந்த உணவை ஒழுங்காக விழுங்கும் குழந்தைகூட நீர்த்த திரவத்தில் புரையேறித் தவிக்கும்.

இதில் பிசகினால் உணவு நுரையீரலுக்குள் போகும். எல்லாக் குழந்தைகளும் இருமி எச்சரிப்பதில்லை. சத்தமே இல்லாமல் உள்ளே இறங்குவதும் உண்டு. ஓரிரு நாள் கழித்துக் காய்ச்சல் வரும், மூச்சு வாங்கும், நிமோனியா என்பார்கள். ஊட்டியவர் யார் என்று அப்போது யாரும் கேட்கப் போவதில்லை. கடுமையான மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் உயிரைப் பறிப்பவற்றில் நுரையீரல் கோளாறுகளே முன்வரிசையில் நிற்கின்றன. இந்த வேலையைத்தான் முதல் நாள் வந்து இறங்கும் விருந்தாளியின் கையில் கரண்டியோடு கொடுக்கிறார்கள். சித்தி மகனோடு பழகிய அனுபவம் உங்களுக்குப் பயத்தைப் போக்கியிருக்கும், அது நல்லதுதான். ஆனால் அவன் தொண்டைக்குப் பொருந்தும் முறை பக்கத்துக் கட்டிலில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்தாக முடியலாம்.

இரண்டாவது வேலை குளிப்பாட்டுவது. இதைப் பற்றி எழுதச் சங்கடமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். ‘லான்செட்’ மருத்துவ இதழில் 2012இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 3.7 மடங்கு என்று கணித்தது. பேச்சு வராத, தானாக நகர முடியாத குழந்தை தனக்கு நேர்ந்ததை யாரிடமும் சொல்லப் போவதில்லை. உங்களிடம் காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டார்களா? முன்பு வேலை செய்த இடத்தில் விசாரித்தார்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. உங்களை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் உங்களை விசாரிக்காமல் உள்ளே விடுகிற கதவு, உங்களுக்கு முன்னும் பின்னும் வருகிறவர்களையும் விசாரிக்காமல்தான் விடும்.

மூன்றாவது, விளையாடுவது. இதில் என்ன கெடுதல் என்று நினைப்பீர்கள். இல்லத்துக்குள் நுழைந்ததும் நாலைந்து குழந்தைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வார்கள். ஒருவன் மடியில் ஏறி உட்கார்ந்துவிடுவான். பெயர்கூடத் தெரியாது, அதற்குள் ‘அக்கா’ என்பான். போய்வந்தவர்கள் எல்லோரும் சிலிர்த்துப்போய்ச் சொல்வது இந்தக் காட்சியைத்தான். எங்கள் துறையில் இதைப் பார்த்தால் வயிறு கலங்கும். வீட்டில் வளரும் சிறு குழந்தை புது முகத்தைக் கண்டால் முதலில் அம்மாவின் பின்னால் ஒளியும். அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் புதியவரிடம் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யும். யாரைப் பார்த்தாலும் ஒட்டிக்கொள்கிற குழந்தைக்கு அப்படித் திரும்பிப் பார்க்க ஒரு முகம் வாய்க்கவில்லை என்று அர்த்தம்.

இது வெறும் ஊகமில்லை. ருமேனியாவில் 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் அரசு இல்லங்களில் கிடந்தார்கள். 2000ஆம் ஆண்டில் சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா என்ற மூன்று ஆய்வாளர்கள் புக்கரெஸ்ட் நகரில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். இல்லங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளையும் நடைபழகும் வயதுக் குழந்தைகளையும் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும் ஒருவரோடு பிணைப்பு கொள்ளும் திறனும் மேம்பட்டன. ஏறத்தாழ இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களுக்குப் பலன் கூடுதல். மரபணுக் கோளாறுகள் உள்ள குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு நிலையான ஒருவர் தேவைப்படுவது குறைவு என்று யாராவது நினைத்தால், அவர்களோடு ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். இல்லங்களில் ஒரு குழந்தையைச் சுற்றி முகங்கள் ஏற்கெனவே மாறிக்கொண்டே இருக்கின்றன: காலை முறைக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர், விடுப்புக்குப் பதிலாள் ஒருவர். அந்த வரிசையில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாறும் வெளிநாட்டு முகங்களும் சேர்ந்துகொள்கின்றன.

சிறப்புக் குழந்தைகளிடம் இது இன்னொரு விதமாகவும் அடிக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச்சு வராத ஒரு சிறுமியை நினைத்துக்கொள்ளுங்கள். ‘வேண்டும்’ என்றால் கண்ணை மேலே உயர்த்துவாள். ‘வேண்டாம்’ என்றால் உதட்டை இறுக்கி முகத்தைக் கொஞ்சம், மிகக் கொஞ்சம், இடப்பக்கம் திருப்புவாள். வயிறு வலித்தால் வலது கை விரல்கள் விறைக்கும். இதெல்லாம் எந்தக் கோப்பிலும் இல்லை. நாலைந்து வருடமாகக் கூட இருக்கும் ஆயாவுக்கு மட்டுமே தெரியும். புதிதாக வருகிற நீங்கள் கதை சொல்கிறீர்கள், பாடுகிறீர்கள், பந்து உருட்டுகிறீர்கள். அவள் முகத்தைத் திருப்புவது உங்கள் கண்ணில் படவே படாது. ஒருமுறை, இருமுறை, அடுத்த குழுவிடம், அதற்கடுத்த குழுவிடம் அந்தச் சைகைக்குப் பதில் கிடைக்காமல் போனால் அவள் சைகை செய்வதையே நிறுத்திவிடுவாள். பிறகு கோப்பில் ‘எதற்கும் எதிர்வினை இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இன்னொரு விதம். தினசரி ஒழுங்கு குலைந்தாலே தவித்துப்போகிற அவனுக்கு, புதிய குரல், புதிய வாசனை, கேட்காமலே கட்டிப்பிடிக்கிற கைகள் எல்லாம் சேர்ந்து வந்தால் என்ன ஆகும்? தன் கையைத் தானே கடித்துக்கொள்வான். அதை முரட்டுத்தனம் என்பார்கள்.

இவர்கள் பெற்றோர் இல்லாத குழந்தைகள் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஆதாரத்தோடு என்று கேளுங்கள். உலகெங்கும் இல்லங்களில் வாழும் குழந்தைகள் எத்தனை பேர் என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல முடிவதில்லை. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, 2015 நிலவரப்படி சுமார் 32 லட்சத்துக்கும் 94 லட்சத்துக்கும் இடையில் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள் என்பதில் மட்டும் இந்தத் துறையில் கருத்து வேறுபாடு இல்லை. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையே இத்தகைய இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அங்கிருந்த குழந்தைகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருந்தார் என்று யுனிசெஃப் கணக்கு சொன்னது. நேபாளத்தில் குழந்தைகள் இல்லங்களில் பெரும்பாலானவை சுற்றுலாப் பயணிகள் குவியும் ஒரு சில மாவட்டங்களுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. பயணிகள் வரும் இடமாகப் பார்த்தா அநாதைகள் பிறக்கிறார்கள்? காசு வருகிற இடத்தில் இல்லம் முளைக்கிறது. இல்லம் முளைத்தபின் நிரப்பக் குழந்தைகள் தேடப்படுகிறார்கள். இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவமாக 2018இல் ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் ஒரு தீர்மானத்தில் இல்லங்களை ஒட்டிய தன்னார்வச் சுற்றுலாவின் தீங்கைப் பெயர் சொல்லியே கண்டித்தது.

சிறப்புக் குழந்தைகள் இல்லத்துக்கு வந்து சேரும் வழி சற்று வேறு. பெரும்பாலும் யாரும் கடத்த வேண்டியதில்லை. ‘இந்தக் குழந்தையால் பயனில்லை, எங்காவது விட்டுவிடுங்கள்’ என்று பிரசவ அறையிலேயே சொல்லிவிடுகிறார்கள். அதைத் தாண்டி வீட்டுக்குக் கொண்டுபோனாலும் சேர்த்துக்கொள்ளப் பள்ளி இல்லை, உட்காரவைக்க நாற்காலி இல்லை, வலிப்பு மருந்துக்குப் பணம் இல்லை. தாய் வேலைக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இல்லத்தில் மருந்தும் சோறும் கிடைக்கும் என்ற ஒரே காரணத்துக்காக விட்டுவிட்டு அழுதுகொண்டே போகிறவர்கள் எத்தனையோ பேர். இல்லங்களை மூடிக் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்பும் திட்டங்கள் பல நாடுகளில் நடக்கின்றன. அங்கேயும் கடைசிவரை உள்ளே தங்கிப்போகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் குழந்தைகள்தான். 2006இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை, ஊனத்தைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. நடப்பில் அந்தக் காரணம் ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

‘அதெல்லாம் சரி, இப்போது அங்கே கிடக்கிற குழந்தைக்கு ஒரு கை கூடுதலாகக் கிடைத்தால் நல்லதுதானே?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆள் பற்றாக்குறையில், நாள் முழுக்கக் கட்டிலில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைகள் இருக்கத்தான் செய்கிறார்கள். கை தேவை. ஆனால் எந்த வேலைக்கு? பன்னிரண்டு குழந்தைகளுக்கு இரண்டு ஆயாக்கள் இருக்கும் இடத்தில், பாதி நேரம் துணி துவைப்பதிலும், தரை துடைப்பதிலும், பாத்திரம் கழுவுவதிலும் போய்விடுகிறது. அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டால் அந்த ஆயா ஒரு மணி நேரம் கூடுதலாகக் குழந்தையின் அருகில் உட்காரலாம். அவருக்கு அந்தச் சிறுமியின் சைகை தெரியும். உங்களுக்குத் துவைக்கத் தெரியும். துவைக்கும் கல்லுக்கு முன்னால் நின்று யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை என்பதால் இந்த வேலைக்கு விளம்பரம் வருவதில்லை. (படம் என்றதும் நினைவுக்கு வருகிறது: எந்தக் காரணத்துக்காகவும் அந்தக் குழந்தைகளைப் படம் எடுக்காதீர்கள். எடுக்கலாமா என்று கேட்டால் மறுக்க முடியாதவர்கள் அவர்கள்.)

ஒன்று செய்து பாருங்கள். அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். ‘நான் குழந்தைகளைத் தொடாமல், பின்னால் இருந்து ஊழியர்களுக்கு உதவுகிற வேலை மட்டும் செய்கிறேன். நான் கட்டும் கட்டணத்தில் எவ்வளவு பராமரிப்பாளர்களின் சம்பளத்துக்குப் போகிறது? ஒரு வேளைப் பணிக்கு எத்தனை பராமரிப்பாளர்கள்? அவர்கள் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள்? கடந்த ஆண்டில் எத்தனை குழந்தைகள் குடும்பத்துக்குத் திரும்பினார்கள்?’ கடைசிக் கேள்வி முக்கியம். நல்ல இல்லம் தன் கட்டில்கள் காலியாவதைப் பெருமையாகச் சொல்லும். மழுப்பலான பதிலோ, சிரிக்கும் குழந்தைகள் படம் போட்ட கையேடோ வந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. சுற்றுலா விசாவிலேயே வரலாம் என்று சொல்கிறார்களா என்பதையும் பாருங்கள். பல நாடுகளில் அந்த விசாவில் சம்பளமில்லாத பணியும் செய்யக் கூடாது. சட்டத்தை இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்கிறவர்கள் வேறு எதைத்தான் கவனமாகச் செய்வார்கள்?

உங்கள் கையில் இருக்கும் தொழிலை நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. இல்லங்களை மூடிக் குடும்ப ஆதரவுக்கு மாற முயலும் சிறு அமைப்புகள் தடுமாறுவது பெரும்பாலும் கணக்கில்தான். ஒரு குழந்தையை இல்லத்தில் வைத்திருக்க ஆகும் செலவு என்ன, அதே குழந்தையின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை இயன்முறைச் சிகிச்சையாளரை அனுப்பி, நாற்காலியும் மருந்தும் தந்தால் ஆகும் செலவு என்ன என்று நன்கொடையாளரிடம் காட்டத் தெரியாமல் விழிக்கிறார்கள். கட்டிடத்துக்குப் பணம் தர ஆள் உண்டு. வீட்டுக்கு வீடு போகும் ஊழியரின் பயணச் செலவுக்குத் தர ஆள் இல்லை. அந்தக் கணக்கை ஒழுங்காகப் போட்டுத் தரும் ஒருவர் அவர்களுக்குக் கிடைத்தற்கரியவர். இந்த வேலைக்கு விமானம் ஏற வேண்டியதுகூட இல்லை. இருந்த இடத்திலிருந்தே, ஆறு வாரத்தோடு முடிக்காமல், ஆண்டுக்கணக்கில் செய்யலாம்.

இல்லை, எனக்குக் குழந்தைகளோடுதான் இருக்க வேண்டும் என்றால், அதற்கும் வழி உண்டு, ஆனால் நீண்ட வழி. சிறப்புக் கல்வியிலோ இயன்முறை மருத்துவத்திலோ பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையிலோ முறையாகப் பயிலுங்கள். பிறகு, அந்த நாட்டு மொழி கற்றுக்கொண்டு, உள்ளூர் ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் திட்டத்தில் குறைந்தது ஓராண்டு போங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள சில குழந்தைகளுக்குக் கழுத்தெலும்பு இணைப்பு தளர்ந்திருக்கும், அதனால் தலைகீழாகத் தூக்கி விளையாடக் கூடாது என்பதும், வலிப்பு வந்த குழந்தையின் வாயில் எதையும் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் அவசர உதவி தேவை என்பதும் அப்போது உங்களுக்குப் பாலபாடமாக இருக்கும். இன்றைக்கு இவற்றில் எத்தனை தெரியும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விளம்பரம் கொடுத்தவர்கள் கேட்கவில்லை.

உங்கள் சித்தியைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பையனோடு பழகியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவனை ஓர் இரவு முழுக்கத் தனியாகப் பார்த்துக்கொண்டதுண்டா? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, மருந்து கொடுத்து, விடியும்வரை? இப்படிப்பட்ட குழந்தைகளின் தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது சிகிச்சையைப் பற்றி அல்ல. ஒருநாள் நிம்மதியாகத் தூங்க வழி இருக்கிறதா என்றுதான். தாய் ஓய்ந்து விழுகிற நாளில்தான் பல குடும்பங்களில் இல்லம் என்ற பேச்சே எழுகிறது. உங்களுக்குக் கிடைத்த இரண்டு மாதத்தில் சித்தியிடம் முறைப்படி ஊட்டவும் தூக்கவும் கற்றுக்கொண்டு, வாரத்தில் இரண்டு இரவு அவரைத் தூங்கவிடுங்கள். அவன் உங்களுக்குப் பழகியவன், நீங்கள் அவனுக்குப் பழகியவர். ஆறு வாரம் முடிந்ததும் நீங்கள் காணாமல் போகவும் மாட்டீர்கள்.

முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கேட்கும்போது, சொந்தக் காரணங்களால் வர இயலவில்லை என்று நாகரிகமாக எழுதாமல், உண்மையான காரணத்தை எழுதுங்கள்: பயிற்சி இல்லாதவர்களிடம் ஊட்டும் வேலையைத் தருகிறீர்கள், பின்னணி விசாரிக்கவில்லை, அதனால் வரவில்லை என்று. பணம் வராமலும் போகலாம். போனது போகட்டும், கட்டிவிட்டோமே என்பதற்காக மட்டும் போய்விடாதீர்கள். விமான டிக்கெட்டும் எடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. எடுத்திருந்து, அதை ரத்து செய்ய முடியாது என்றால், போய் அந்த நாட்டை நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். பயணியாகப் போவதில் ஒரு தவறும் இல்லை. அந்த இல்லத்து வாசலை மட்டும் மிதிக்காதீர்கள்.